பாட்டி விழுவதற்கு முன்பே: வீட்டில் மூத்தோர் பாதுகாப்பு

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, எதை எழுதுவது என்று சில நாள்கள் யோசித்தேன். நான் கட்டடப் பொறியியல் மாணவி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்ததோடு சரி. இலக்கியம் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. எனவே, எனக்கு நேர்ந்ததை எழுதலாம் என்று முடிவு செய்தேன். என் பாட்டி வீட்டில் விழுந்ததும், அது ஏன் நடந்தது என்று தேடியபோது நான் கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. உங்களில் பலர் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும் முன் இதைப் படித்துவிட்டால் எனக்கு மகிழ்ச்சி.

நடந்தது

2023ஆம் ஆண்டில் பாட்டிக்கு 74 வயது. சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே எழுந்து, மேடும் பள்ளமுமான காட்டில் காண்டா வாளி சுமந்து நடந்தவர். கவனமாக நடங்கள் என்று யாராவது சொன்னால், "மேட்டுக் காட்டுல சறுக்காத காலு, வீட்டுலயா சறுக்கப் போவுது?" என்று சிரிப்பார்.

பாட்டிக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் உண்டு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்கிற்குப் போக வேண்டும். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போவதால், அந்த ஆண்டு செப்டம்பரில் நான் துணைக்குப் போனேன். பாட்டிக்கு மலாய் சந்தையில் பேசும் அளவுக்குத்தான் தெரியும். ஆகவே, மொழிபெயர்க்கும் வேலையும் என்னுடையது.

"என்னா செய்யுதுன்னு டாக்டர் கேக்குறாரு பாட்டி."

"எந்திரிச்சா கண்ண இருட்டிக்கிட்டு வருது."

நான் டாக்டரிடம், "நெனெக் பெனிங்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். டாக்டர் தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதினார். பிறகு, பாட்டி எப்போதாவது விழுந்திருக்கிறாரா என்று கேட்டார். நான் பாட்டியைப் பார்த்தேன். பாட்டி என்னைப் பார்த்தார். "இல்லன்னு சொல்லு" என்றார்.

அதற்கு இரண்டு வாரத்திற்கு முன்புதான் பாட்டியின் முழங்கைக்கு மேல் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்திருந்தேன். துருவிக் கேட்டபோது, "வழுக்கிருச்சு கண்ணு. அப்பாகிட்ட சொல்லிடாத. அப்புறம் என்னை ஒரு எடத்துக்கும் தனியா விட மாட்டான்" என்றார். பாட்டி என்னை நம்பிச் சொன்ன ரகசியம் என்று நான் அதைக் காப்பாற்றினேன். டாக்டரிடமும் "தா பெர்னா" என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளி முடிந்து மறுவாரம், விடியற்காலை நான்கரை மணியளவில் பாட்டி சிறுநீர் கழிக்க எழுந்தார். வீட்டார் தூக்கம் கெடும் என்று விளக்கைப் போடவில்லை. குளியலறைப் படியில் கால் வைத்தபோது கண் இருட்டியது, விழுந்தார். ஆறு மணிக்கு அப்பா எழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். ஏன் கூப்பிடவில்லை என்று அம்மா அழுதுகொண்டே கேட்டதற்கு, "எல்லாரும் அசந்து தூங்குறீங்க, எதுக்கு எழுப்புறதுன்னுதான்" என்றார்.

எங்கள் தவறு அத்தோடு முடியவில்லை. சுளுக்கு என்று நினைத்து, தெரிந்த ஒருவரை வரவழைத்து இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டோம். மூன்றாம் நாள் பார்க்கும்போது ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது; பாதமும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

விதியா, விபத்தா?

"வயசானா விழத்தான் செய்வாங்க." பாட்டியைப் பார்க்க வந்த உறவினர்களில் பாதிப் பேர் இதைச் சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொன்னதுதான், ஆனாலும் அது தவறான ஆறுதல்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட தகவலின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 684,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதே நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஓர் ஆண்டில் ஒருமுறையாவது விழுகிறார்கள் என்கிறது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 6.8 விழுக்காடு. இந்த எண்ணிக்கை கூடிக்கொண்டுதான் போகும்.

நம் சமூகத்திற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம். நீரிழிவு நாளடைவில் பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது, பார்வையைக் குறைக்கிறது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுப்புகிறது. மருந்து கூடி சாப்பாடு குறைந்தால், சர்க்கரை இறங்கி உடல் நடுங்குகிறது. இவை ஒவ்வொன்றும் விழுவதற்கான வழி.

தடுக்க முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு, முறையான உடற்பயிற்சியால் மூத்தோர் விழுவது ஏறக்குறைய 23 விழுக்காடு குறைகிறது என்கிறது. வீட்டிலுள்ள ஆபத்துகளை நீக்கினால் 26 விழுக்காடு குறைகிறது என்பது அதன் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பின் முடிவு. இவ்வளவு குறைக்கக்கூடிய ஒன்றை விதி என்று எப்படிச் சொல்வது?

'பெனிங்' என்ற ஒரே சொல்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பாட்டியை நிற்கப் பழக்கும்போது, படுத்த நிலையில் ஒருமுறையும் நின்றவுடன் மீண்டும் ஒருமுறையும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நின்றதும் மேல் அழுத்தம் 20க்கு மேல் இறங்கியது. எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்களுக்கு இறங்கிவிடும். இளையவர் உடல் அதை உடனே சரிசெய்துகொள்கிறது. வயதாகும்போதும், சில ரத்த அழுத்த மாத்திரைகள், நீர் மாத்திரைகள் சாப்பிடும்போதும் அந்தச் சரிசெய்தல் தாமதமாகிறது. அந்தச் சில விநாடிகளில் கண் இருட்டுகிறது. டாக்டர் பாட்டியின் மருந்துகளை மாற்றி அமைத்தார்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. பாட்டி செப்டம்பரிலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். 'எந்திரிச்சா' என்றார், 'கண் இருட்டுது' என்றார். நோயின் நேரத்தையும் தன்மையையும் இரண்டே சொல்லில் சொன்னவர் அவர். அதை 'பெனிங்' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடியவள் நான். தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் பொதுவாக வழங்கும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு டாக்டர் வேறென்ன செய்ய முடியும்?

நம் தாத்தா பாட்டிகள் பயன்படுத்தும் சொற்களைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தி சொல்கிறது.

கண் இருட்டுதல்: பெரும்பாலும் எழுந்தவுடன் வருவது. நின்ற நிலையில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

தலை சுற்றல்: அறையே சுழல்வது போலிருப்பது. படுக்கையில் புரண்டால்கூட வருகிறது என்றால், உள்காதில் கோளாறு இருக்கலாம்.

தள்ளாட்டம்: தலை தெளிவாகத்தான் இருக்கும், கால்தான் நிலைகொள்ளாது. தசை, நரம்பு, மூட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மயக்கம்: நினைவு தப்புவது. விழுந்தது எப்படி என்றே நினைவில்லை என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

படபடப்பு: வியர்வையும் நடுக்கமும் பசியும் சேர்ந்து வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

மதமதப்பு: பாதம் மரத்துப்போய், பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருப்பது. நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சொன்னால் அலட்சியம் கூடாது.

இவற்றைக் கொண்டு நாமே நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால், கிளினிக்கில் மொழிபெயர்க்க உட்காரும்போது ஒரே சொல்லில் முடித்துவிடாமல், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று முழு வாக்கியமாகச் சொல்லலாம். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசியப்பள்ளிக்குப் போன நமக்கு இரண்டு மொழியும் தெரியும். பாட்டிக்கும் டாக்டருக்கும் நடுவே நாம் பயன்பட வேண்டிய இடம் அதுதான்.

வீட்டை அளந்து பார்த்தேன்

பாட்டி வார்டில் இருந்தபோது ஒரு நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டையே சுற்றி வந்தேன். பாட்டி நடக்கும் வழியில், பாட்டியின் உயரத்தில், விளக்கை அணைத்துவிட்டு நடந்து பார்த்தேன். இருபது ஆண்டுகளாக வாழ்ந்த வீடு வேறு வீடாகத் தெரிந்தது.

முதலில் படுக்கை. பாட்டியின் கட்டில் மிகவும் தாழ்வு. உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் பதிந்து, முழங்கால் ஏறக்குறைய நேர்கோணத்தில் மடங்கும் உயரம்தான் எழுவதற்கு எளிது. கட்டில் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகளைப் பொருத்தி உயர்த்தினோம். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே மேசை விசிறியின் ஒயர் ஓடியது. அதைச் சுவரோரமாக மாற்றினோம். பழைய சட்டைத் துணியில் தைத்த கால்மிதிகள் மூன்று இருந்தன. மூன்றும் சறுக்கின. அடியில் ரப்பர் ஒட்டிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அடுத்தது வெளிச்சம். 60 வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுக் கண்ணை ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். நமக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்கு மங்கல். ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் சிறு விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. கட்டிலடியில் ஒன்று, நடைவழியில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று வைத்தோம். பாட்டி இனி யாருடைய தூக்கத்தையும் எண்ணி இருட்டில் நடக்க வேண்டியதில்லை.

பிறகு படி. எங்கள் சமையலறை பின்னால் நீட்டிக் கட்டியது. அதற்கும் கூடத்திற்கும் நடுவே ஒரே ஒரு படி. உயரம் 22 சென்டிமீட்டர். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் படிக்கட்டுக்கு அனுமதிக்கும் உயரம் அதிகபட்சம் 180 மில்லிமீட்டர், அதாவது 18 சென்டிமீட்டர். வகுப்பில் இதை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால், தினமும் பாட்டி ஏறி இறங்கும் படியை ஒருமுறைகூட அளந்ததில்லை. ஒற்றைப் படி ஆபத்தானது. தரையின் நிறமும் படியின் நிறமும் ஒன்றாக இருந்தால் இன்னும் ஆபத்து. நடுவில் ஒரு படி கட்டி உயரத்தைப் பாதியாக்கினோம். இரண்டு படிகளின் விளிம்பிலும் மஞ்சள் பட்டை ஒட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வைத்தோம்.

குளியலறைதான் முக்கியம். நம் குளியலறைகள் பெரும்பாலும் எப்போதும் ஈரமாகவே இருப்பவை. தொட்டியிலிருந்து மோந்து ஊற்றும் பழக்கம் நமக்கு. வழவழப்பான தரைக்கும் பாதத்திற்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றால் பிடிமானம் போய்விடும். சோப்போ எண்ணெயோ கலந்தால் கேட்கவே வேண்டாம். தீபாவளி எண்ணெய்க் குளியலன்று கூடுதல் கவனம் தேவை. வாரம் ஒருமுறை பாசி போகத் தேய்ப்பது, சொரசொரப்பான ரப்பர் விரிப்பு போடுவது, உட்கார்ந்து குளிக்க அகலக் கால்கள் கொண்ட நாற்காலி வைப்பது என மூன்றையும் செய்தோம். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தில் விலகிவிடும். கால்களில் ரப்பர் உறை இருக்க வேண்டும்.

கைப்பிடி பற்றி ஒரு வார்த்தை. துண்டு காயப்போடும் கம்பி கைப்பிடி ஆகாது. ஆள் எடையை அது தாங்காது. காற்றை உறிஞ்சி ஒட்டும் வகைப் பிடியையும் நம்ப வேண்டாம். செங்கல் சுவரில் துளையிட்டு முடுக்கிய கைப்பிடிதான் சரி. எங்கே வைப்பது என்பதை நாமாக முடிவு செய்யக்கூடாது. பாட்டியை அங்கே உட்கார்ந்து எழச் சொல்லி, அவர் கை தானாகப் போகும் இடத்தில் பென்சிலால் குறித்து, அங்கேதான் அப்பா துளையிட்டார். நாங்கள் நினைத்திருந்த இடத்திலிருந்து அது ஒரு சாண் தள்ளி இருந்தது.

கடைசியாகக் காலணி. பாட்டியின் ஜப்பான் சிலிப்பர் அடிப்பக்கம் கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது. குதிகாலைப் பிடிக்கும் பட்டையும், அடியில் வரிப்பள்ளங்களும் உள்ள ஒரு செருப்பு வாங்கினோம். கைலியையும் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி அம்மா மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

படி கட்டிய சிமெண்டு, கூலி போக எல்லாவற்றுக்கும் 300 ரிங்கிட்டுக்குள்தான் செலவானது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல் 'ஈஸ்' என்ற திட்டத்தின்வழி மூத்தோர் வாழும் கழக வீடுகளில் கைப்பிடி பொருத்துவது, குளியலறைத் தரை வழுக்காமல் செய்வது போன்ற வேலைகளை அரசாங்க உதவித்தொகையோடு செய்து தருகிறது. அங்குள்ள நம் முன்னாள் மாணவர்கள் தங்கள் பெற்றோருக்கு இதை விசாரிக்கலாம்.

உடலும் தயாராக வேண்டும்

வீட்டை மட்டும் மாற்றினால் போதாது. மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சையாளர் பாட்டிக்குச் சொல்லித் தந்தவற்றை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

படுக்கையிலிருந்து எழும்போது, முதலில் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்த பிறகு நிற்க வேண்டும். நின்ற இடத்தில் பத்து எண்ணிவிட்டு நடக்கலாம்.

சுவரோரம் வைத்த உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தொடைக்கு வலிமை தரும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் முன்னே மறு பாதத்தை வைத்து நிற்பது சமநிலைக்கு நல்லது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். விடியற்காலையில் பூங்காக்களில் சீன மூத்தோர் தைச்சி செய்வதைப் பார்த்திருப்போம். விழுவதைக் குறைக்கும் பயிற்சிகளில் அதுவும் ஒன்று.

ஊன்றுகோலுக்கும் அளவு உண்டு. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்புக்கு நேராகக் கைப்பிடி வர வேண்டும். வலி உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும்.

விழுந்துவிட்டால்

பதறி உடனே தூக்க வேண்டாம். முதலில் பேச்சுக் கொடுங்கள். இடுப்பிலோ கழுத்திலோ கடுமையான வலி, கால் குட்டையாகத் தெரிதல், பாதம் வெளியே திரும்புதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அசைக்காமல், போர்த்திவிட்டு 999க்கு அழையுங்கள். உருவுவதும் எண்ணெய் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் வீணாய்ப் போன இரண்டு நாளை நான் இன்னும் மறக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காயமில்லை என்றால், அவரே எழ உதவலாம். ஒருக்களித்துப் படுத்து, கையும் முழங்காலும் ஊன்றி, அருகில் வைத்த நாற்காலியைப் பிடித்து, ஒரு பாதத்தை முன்னே பதித்து, மெல்ல எழுந்து உட்காரலாம்.

நீண்ட நேரம் தரையில் கிடப்பதும் ஆபத்தே. தோல் புண்ணாகும், அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். பாட்டியின் கட்டிலருகே இப்போது ஒரு கம்பியில்லா அழைப்பு மணி இருக்கிறது. குளியலறையில் தரையிலிருந்து எட்டும் உயரத்தில் இன்னொன்று.

விழுவதைத் தவிர

நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் சுடுநீரில் கால் வைத்தால் சூடு தெரியாமலே வெந்துபோகும். முழங்கையால் சூடு பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சாமி மேடை உயரத்தில் இருந்தால், விளக்கேற்ற முக்காலியில் ஏறுவார்கள். சேலை முந்தானை சுடரில் படவும் வாய்ப்புண்டு. எங்கள் சாமி மேடையைப் பாட்டியின் நெஞ்சளவுக்கு இறக்கினோம். கிளினிக் மருந்து, மருந்துக்கடை மருந்து, பழைய மருந்து எல்லாம் ஒரே பையில் கலந்து கிடந்தால், ஒரே மருந்தை இருமுறை சாப்பிட நேரலாம். பையோடு மருந்தகத்திற்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் முறை

இவ்வளவும் எழுதினாலும், இவை அனைத்தையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு இரு மடங்காகிறது. அப்படியென்றால், முதல் விழுதல் நமக்குத் தெரிய வேண்டும். ஆனால், அதைத்தான் பெரியவர்கள் மறைக்கிறார்கள். ஏன்?

பாட்டி சொன்ன காரணத்தை நினைத்துப் பாருங்கள். 'என்னை ஒரு எடத்துக்கும் தனியா விட மாட்டான்.' அவர் பயந்தது கீழே விழுவதற்கு அல்ல. கோவிலுக்கும் கடைக்கும் தானே போய்வரும் உரிமை போய்விடுமே என்று பயந்தார். "ஒழுங்கா ஒரு எடத்துல உக்காருங்க" என்று நாம் அதட்டும் ஒவ்வொரு முறையும் அவர்களுடைய வாயை அடைக்கிறோம். உட்கார்ந்தே இருந்தால் கால் இன்னும் பலவீனமாகும். அடுத்த முறை இன்னும் எளிதாக விழுவார்கள்.

நானும் ரகசியத்தைக் காப்பது அன்பு என்று நினைத்தேன். அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. "அப்பாகிட்ட நான் பேசுறேன் பாட்டி. உங்கள எங்கயும் போகக்கூடாதுன்னு சொல்ல விடமாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுவோம்" என்று சொல்லியிருக்கலாம். அவருடைய பயத்திற்கும் பதில் கிடைத்திருக்கும். டாக்டருக்கும் உண்மை தெரிந்திருக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை

மருத்துவமனையில் எங்களுக்குக் கொடுத்த துண்டறிக்கை மலாயில் இருந்தது. பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதனால் பன்னிரண்டு வரிகளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அவருடைய கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். 'எழுந்ததும் உட்காருங்கள். பத்து எண்ணுங்கள். விளக்கைப் போடுங்கள்' என்று தொடங்கும். பிறர் படித்துக் காட்டும்போது கேட்டுக்கொள்வதைவிட, தானே படித்ததை அவர் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஓராண்டில் எங்கேயாவது விழுந்தீர்களா, அல்லது விழப் பார்த்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுகிறதா? விழுந்துவிடுவோம் என்று பயமாக இருக்கிறதா? யாரும் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் கேளுங்கள். எந்தப் பதில் 'ஆமாம்' என்று வந்தாலும் கிளினிக்கிற்கு நீங்களே கூட்டிப் போங்கள். அங்கே அவர்கள் சொல்வதைச் சுருக்காமல் சொல்லுங்கள்.

பாட்டி இப்போது நான்கு கால் ஊன்றுகோலோடு நடக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போகிறார். வாசல் வரை நாங்கள், உள்ளே அவரே. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தபோது, "கண்ணு, நேத்து போர்ச்சுல மழைத்தண்ணியில கொஞ்சம் சறுக்கிச்சு. விழல. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். அன்று மாலையே அப்பா அங்கே ரப்பர் விரிப்பு போட்டாராம்.